தாளில் பிறந்த விமானங்கள்

கரணம் அடிக்கவும் தலைகீழாகப் பறக்கவும் செய்யப்பட்ட ரேடியோ கண்ட்ரோல் மாதிரி விமானங்களுக்கு 1960-களிலும் 70-களிலும் ஒரு நிலையான உருவம் அமைந்தது. இறக்கையின் முழு நீளம் ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல், எடை மூன்று முதல் மூன்றரை கிலோ, மூக்கில் 10 சிசி என்ஜின், மேற்புறமும் கீழ்ப்புறமும் ஒரே அளவு வளைந்த இறக்கை. ஏரோமாடலிங் செய்பவர்கள் இவற்றை ‘பேட்டர்ன்’ விமானங்கள் என்பார்கள். இவற்றில் பெரும்பாலானவை பத்திரிகையில் வெளியான பிளானை முழு அளவில் தபாலில் தருவித்து, பலகைமேல் விரித்து, அந்தத் தாளின் மேலேயே மரத்தைப் பொருத்தி ஒட்டிக் கட்டப்பட்டவை.

சென்னைக்கு மேற்கே ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்பகுதி இன்று ட்ரோன்களைச் சோதிக்கும் மையத்துக்கு இடம் கொடுக்கும் அளவுக்கு வந்திருக்கிறது. அதற்குப் பின்னால், படத்தைப் பார்த்துப் பறக்கும் பொருளைக் கட்டும் பழக்கம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இந்த வட்டாரத்தில் இருந்து வந்திருக்கிறது. அந்த வரலாற்றில் திரும்பத் திரும்பத் தெரியும் உண்மை ஒன்று உண்டு: இங்கே படம் படிக்கும் கண்ணுக்கும் வேலை தெரிந்த கைக்கும் பஞ்சம் வந்ததில்லை. மரம், என்ஜின், ரேடியோ ஆகிய மூன்றும்தான் எட்டாமல் இருந்தன.

தொடக்கம் 1910. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திவந்த கோர்சிகா தீவுக்காரர் ஜியாகோமோ டி’ஆஞ்சலிஸ், முந்தைய ஆண்டு பிரெஞ்சு வீரர் பிளேரியோ ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் கடந்ததைக் கேள்விப்பட்டுத் தாமே ஒரு விமானத்துக்கு வடிவம் வரைந்தார். அதைச் செய்துகொடுத்தது, 1840-இல் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனம். குதிரை வண்டிகள் கட்டிப் பெயர் வாங்கிய பட்டறை அது. வளைத்த மரச் சட்டம், இழுத்துக் கட்டிய துணி, ஆணியும் பசையும் சேரும் மூட்டுகள் என்று கோச்சு வண்டிக்குத் தேவையான கைத்திறன் எல்லாம் அந்தக் காலத்து விமானத்துக்கும் தேவைப்பட்டது. பல்லாவரத்தில் சோதித்துப் பார்த்தபின், 1910 மார்ச்சில் தீவுத்திடலில் மக்கள் முன்னிலையில் அது பறந்தது. அலகாபாத்தில் ஹென்றி பெக்கே தபால் மூட்டையுடன் பறந்த 1911 பிப்ரவரி 18-க்கு ஏறக்குறைய ஓராண்டு முந்திய நிகழ்ச்சி இது. இந்திய வான்பயண வரலாற்றில் அலகாபாத்துக்குக் கிடைத்த இடம் சென்னைக்குக் கிடைக்காமல் போனது நியாயமில்லை.

வரைபலகை ஒரு கல்வியாக மாறியது 1949-இல். சி. ராஜம் குரோம்பேட்டையில் தொடங்கிய மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியில் (எம்.ஐ.டி.) முதலிலேயே வைக்கப்பட்ட பாடங்களில் விமானப் பொறியியலும் ஒன்று. 1950-களில் அங்கே படித்த அப்துல் கலாம், தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை நண்பர்களோடு வடிவமைத்த கதையைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். வேலை மந்தமாக இருப்பதைக் கண்ட இயக்குநர் ஸ்ரீனிவாசன், மூன்று நாளில் படம் முடியாவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்று எச்சரித்தார். கலாம் இரவெல்லாம் வரைபலகையை விட்டு நகராமல் முடித்துக் கொடுத்தார். படத்தில் ஒரு கோடு தவறினால் விமானத்தில் என்ன தவறும் என்று தெரிந்தவர்களின் பதற்றம் அந்தக் கதையில் இருக்கிறது. மாதிரி விமானம் கட்டுபவர் கற்பதும் அதே பாடத்தைத்தான், சிறிய அளவில்.

பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு மாதிரி விமானத்தைக் கொண்டுவந்தது தேசிய மாணவர் படை. 1948-இல் உருவான என்.சி.சி.யில் விமானப் பிரிவு 1950-இல் சேர்ந்தது. அதன் பாடத்திட்டத்தில் ஏரோமாடலிங் ஒரு பகுதி. கையால் எறியும் சக் கிளைடரில் தொடங்கி, இரண்டு கம்பிகளைப் பிடித்துக்கொண்டு வட்டமடிக்கவிடும் கண்ட்ரோல் லைன் விமானம், அதற்கும் மேலே ரேடியோ கண்ட்ரோல் என்று படிகள் இருந்தன. அகில இந்திய வாயு சைனிக் முகாம்களில் இன்றும் இவற்றுக்குப் போட்டி உண்டு. வானொலிக் கருவி கைக்கு எட்டாத காலத்தில் கம்பி விமானம்தான் இங்கே கரணம் கற்றுக்கொடுத்தது. சுமார் இருபது மீட்டர் கம்பியின் முனையில் விமானம் சுழல, கைப்பிடியைச் சாய்த்தால் வாலில் உள்ள எலிவேட்டர் அசையும். லூப்பும் எட்டுப்போடுவதும் அதில் சாத்தியம். பக்கவாட்டில் உருளுவது மட்டும் முடியாது, கம்பி விடாது.

இதே ஆண்டுகளில் மேலை நாடுகளில் ரேடியோ கண்ட்ரோல் சாகசப் பறப்பு ஒரு கலையாக வளர்ந்தது. அதற்கான முதல் உலகப் போட்டி 1960-இல் சுவிட்சர்லாந்தின் டூபென்டார்ஃபில் நடந்தது. வென்றவர் அமெரிக்காவின் எட் கஸ்மிர்ஸ்கி, விமானம் ஓரியன். அடுத்து அவர் செய்த டாரஸ், 1962-இல் இங்கிலாந்தின் கென்லியில் டாம் பிரெட்டுக்கு அடுத்ததாக வந்தாலும், உலகமெங்கும் அதிகம் பேர் கட்டிய விமானங்களில் ஒன்றாயிற்று. அப்போதைய ரேடியோவில், சுக்கான்களை அசைக்கும் சர்வோக்களை இயக்கியது ‘ரீடு’ முறை. ஆர்மோனியத்துக்குள் இருப்பதுபோன்ற மெல்லிய உலோக நாக்குகள், தத்தம் ஒலி வரும்போது மட்டும் அதிர்ந்து மின்சுற்றை மூடும். ஒரு கட்டுப்பாட்டுக்கு இரு திசை என்பதால், ஐந்து கட்டுப்பாடுகளுக்குப் பத்து நாக்குகள். சுக்கானைக் கொஞ்சம் திருப்பு, நிறையத் திருப்பு என்ற வேறுபாடு அதில் கிடையாது. விமானி விரலால் நெம்புகோலைத் தட்டித் தட்டித்தான் நடுத்தர நிலையைப் பெற வேண்டும். அதனால் அந்தக் காலத்து விமானங்கள் தாமே நிலைத்துப் பறக்கும் குணத்தோடு வரையப்பட்டன.

1960-களின் நடுவில் ‘புரொபோர்ஷனல்’ ரேடியோ வந்து இதை மாற்றியது. குச்சி எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவே சுக்கானும் நகரும். ரேடியோ தயாரிப்பாளரான ஃபில் கிராஃப்ட் 1967-இல் கோர்சிகாவில் நடந்த உலகப் போட்டியைத் தம் குவிக் ஃபிளை விமானத்தால் வென்றார். இறக்கையும் வால் தளமும் என்ஜினும் ஒரே கோட்டு நிலையில் அமைய, நேராகவும் தலைகீழாகவும் ஒரேமாதிரிப் பறக்கும் எளிமையான விமானம் அது. ஜோ பிரிடியின் கேயாஸ், 1977-இல் ஒஹாயோவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஆஸ்திரியாவின் ஹன்னோ பிரெட்னருக்கு உலகப் பட்டம் தந்த குராரே ஆகியவையும் இந்த வரிசையில் வருகின்றன. குராரேயின் வால் தளம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். சக்கரங்கள் உள்ளே மடங்கும். இன்று ‘கிளாசிக்’ என்று போற்றப்படுபவை இந்தத் தலைமுறை விமானங்களே.

இந்தியாவில் இவற்றைக் கட்ட முனைந்தவருக்கு முதல் தடை மரம். பால்சா தென் அமெரிக்கக் காட்டு மரம். அதிலும் ஈக்வடார்தான் உலகுக்குப் பெரும்பகுதியை அனுப்புகிறது. ஆறேழு ஆண்டுகளில் வெட்டும் பருவத்துக்கு வந்துவிடும். மாதிரி விமானத்துக்கு எடுப்பது கன மீட்டருக்கு 100 முதல் 200 கிலோ வரை எடையுள்ளது. தேக்கின் எடையில் மூன்றில் ஒரு பங்கும் இராது, ஆனால் நார் ஓடும் திசையில் வியக்கத்தக்க உறுதி. தமிழ்நாட்டில் இதைவிட இலேசான பொருள் ஒன்று உண்டு. தஞ்சாவூர்க் கலைஞர்கள் கோயில் கோபுரங்களைச் செதுக்கும் நெட்டி. ஆனால் நெட்டி வெறும் சோறு; நீளவாக்கில் இழுவையைத் தாங்கும் நார் அதில் இல்லை. இறக்கையின் முதுகெலும்பான ஸ்பாருக்கு அது உதவாது.

ஆகவே இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் கல்கத்தாவின் இந்தியாஸ் ஹாபி சென்டர்தான் நாடெங்கும் இருந்த ஆர்வலர்களுக்கும் என்.சி.சி.க்கும் பெரிய ஆதாரம். பால்சா, கிட் பெட்டிகள், இரண்டாவது தடையான என்ஜினுக்கு ‘அரோரா’ என்ற பெயரில் சிறிய என்ஜின்கள் அங்கிருந்து வந்தன. அந்தச் சிறு டீசல் என்ஜின்களுக்குப் பிளக்கும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். அழுத்தத்திலேயே தீப்பற்றும், அழுத்தத்தைத் தலையில் உள்ள திருகால் கூட்டலாம், குறைக்கலாம். எரிபொருள் ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றின் கலவை. பேட்டர்ன் விமானத்தின் 10 சிசி குளோ என்ஜினுக்கோ மெத்தனாலும் விளக்கெண்ணெயும். உலகிலேயே அதிகம் ஆமணக்கு விளைவிக்கும் நாடு இந்தியா என்பதால் அந்த ஒரு பொருளுக்கு மட்டும் யாரிடமும் கையேந்த வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது தடை ரேடியோ, அதுவே கடினமானது. 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, ஒலிபரப்பும் கருவி எதையும் உரிமம் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது என்றிருந்தது. பாட்டுக் கேட்கும் வானொலிப் பெட்டிக்கே தபால் நிலையத்தில் ஆண்டுக் கட்டணம் கட்டிய காலம் 1980-கள் வரை நீடித்தது. டிரான்ஸ்மிட்டரும் சர்வோக்களும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்ததால், உரிமத்தோடு சுங்கமும் சேர்ந்தது. பிளானைப் பெறுவதற்கு ஒரு தபால்தலை போதும்; அதன்படி கட்டிய விமானத்தைப் பறக்கவிடுவதற்கு அரசு அலுவலகங்கள் பல ஏற வேண்டும். நாட்டில் பேட்டர்ன் பறப்பு சில ஊர்களின் சிறு வட்டங்களோடு நின்றதற்குத் திறமைக் குறைவு காரணமே அல்ல.

பிளான் எனப்படுவது பெரும்பாலும் ஒரு மீட்டரைத் தாண்டும் ஒன்று அல்லது இரண்டு தாள்கள். ஒரு பாதியில் பக்கத் தோற்றம், மறு பாதியில் இறக்கையின் மேல்தோற்றம், இடைவெளிகளில் இறக்கையின் குறுக்குச் சட்டங்களான ரிப்களின் உருவங்கள். இறக்கையின் ஒரு பாதி மட்டும் வரையப்பட்டிருப்பது வழக்கம். மறு பாதியைக் கட்ட, தாளின் பின்புறம் எண்ணெய் தடவி ஒளி ஊடுருவச் செய்து திருப்பிப்போடுவார்கள். தாளின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் விரித்தால் பசை ஒட்டாது. அதன்மேல் கீழ் ஸ்பாரை ஊசிகளால் குத்தி நிறுத்தி, ரிப்களை வரிசையாக நட்டு, மேல் ஸ்பாரைப் பதித்து, இரண்டு ஸ்பார்களுக்கும் இடையே நார் செங்குத்தாக நிற்கும்படி சிறு பால்சாத் துண்டுகளை அடைப்பார்கள். இந்த அடைப்புதான் இறக்கையின் உயிர். லூப்பின் அடிப்பகுதியில் விமானத்தின் எடை பலமடங்காகத் தெரியும்போது, மேல் ஸ்பார் நசுங்காமல் காப்பது இதுவே. படத்தில் இது ஒரு மெல்லிய கோடாகத்தான் இருக்கும்; அனுபவமில்லாதவர் விட்டுவிடுவதும் அதையே.

நார் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்பதைப் படத்தில் ஒரு சிறு அம்புக்குறி சொல்லும். எந்த இடத்தில் கடினமான பால்சா, எந்த இடத்தில் மென்மையானது என்பதைச் சொல்ல அம்புக்குறிகூட இல்லை. அது தட்டிப்பார்த்தும் எடைபோட்டும் தேர்ந்தெடுக்க வேண்டியது. வாலில் பத்து கிராம் கூடினால், அதை ஈடுகட்ட மூக்கில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஈயம் வைக்க வேண்டியிருக்கும். என்ஜினைவிட வால் ஈர்ப்பு மையத்திலிருந்து வெகுதூரத்தில் இருப்பதுதான் காரணம். அந்த மையம் இறக்கை அகலத்தில் முன்விளிம்பிலிருந்து ஏறக்குறைய கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே அமைய வேண்டும். பின்னால் போனால் விமானம் கையில் நிற்காது.

பால்சா கிடைக்காத இடத்தில் தெர்மாகோல் வந்து வேலையைக் காத்தது. பிளானில் உள்ள ஏரோஃபாயில் எனும் இறக்கைக் குறுக்குவெட்டு உருவத்தை இரண்டு தகடுகளில் வெட்டி, கட்டியின் இரு முனைகளிலும் பதித்து, நைக்ரோம் கம்பி கட்டிய வில்லை மின்சாரத்தால் சூடாக்கி அந்தத் தகடுகளின்மேல் இழுத்தால், முழு இறக்கையும் ஒரே வெட்டில் கிடைக்கும். இரண்டு பேரும் ஒரே வேகத்தில் இழுக்க வேண்டும். ஒருவர் நின்றால் அந்த இடத்தில் பள்ளம் விழும். மேலே மெல்லிய பால்சாவோ வெனீரோ பழுப்புத் தாளோ ஒட்டலாம். பசை ஃபெவிகால் போல நீரில் கரைவதாக இருக்க வேண்டும். டோப் பூச்சும் குயிக்ஃபிக்ஸ் பசையும் பட்டால் தெர்மாகோல் உருகிவிடும். மேலைநாட்டுப் பேட்டர்ன் விமானங்களிலும் 1960-களின் பிற்பகுதியிலிருந்து இந்தமுறை பரவியிருந்தது என்பதால், இங்கே இதைச் செய்தவர்கள் தரம் குறைந்த மாற்றைத் தேடியவர்கள் அல்லர்.

1991-இன் பொருளாதாரத் தாராளமயத்துக்குப் பின் பொருள்கள் வரத் தொடங்கின. திருப்பம் 2005-இல் நேர்ந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த திறன் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்று மத்திய அரசு அறிவித்தது. மாதிரி விமான ரேடியோக்கள் உலகெங்கும் அதே அலைவரிசைக்கு மாறிக்கொண்டிருந்த நேரம் அது. எழுபது ஆண்டுக் காலச் சட்டச் சிக்கல் அத்தோடு அவிழ்ந்தது. கூடவே லித்தியம் பாலிமர் பேட்டரியும் பிரஷ் இல்லாத மோட்டாரும் வந்தன. ஆனால் தடைகள் நீங்கியபோது பிளானிலிருந்து கட்டும் பழக்கமும் தேய்ந்தது. ஒட்டி முடித்துப் பெட்டியில் வரும் நுரை விமானத்தை அன்றைக்கே பறக்கவிடலாம். அது பறப்பதற்குக் காரணம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. உண்மையான இழப்பு அதுதான்.

ஸ்ரீபெரும்புதூர்-ஒரகடம் தொழிற்பகுதி வளர்ந்ததும் இதே காலத்தில். ஹூண்டாய் 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் முதல் சான்ட்ரோவை வெளியே அனுப்பியது. 2006-இல் நோக்கியா ஸ்ரீபெரும்புதூருக்கு வந்து 2014-இல் கதவடைத்தது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான், 2012-இல் டெய்ம்லர், 2013-இல் ராயல் என்ஃபீல்டு. இவற்றைச் சுற்றி லேத்துப் பட்டறைகளும் டை செய்யும் கூடங்களும் லேசர் வெட்டுக் கடைகளும் குவிந்தன. முன்பு பிளேடால் ஒவ்வொன்றாக அறுத்த ரிப்களை இப்போது கணினிப் படமாக்கிக் கொடுத்தால் லேசர் சில நிமிடங்களில் வெட்டித் தள்ளும். இதே பகுதியில் 1990-இல் திறந்த இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்துக்கும் ஒரு விமான உறவு உண்டு. அதற்கு முன் சென்னையின் கார்ப் பந்தயங்கள் நடந்தது, இரண்டாம் உலகப்போரில் அமைத்துக் கைவிட்ட சோழவரம் ஓடுதளத்தில்தான்.

பிளானிலிருந்து கட்டும் வேலை மீண்டும் உயிர்பெற்றது கல்லூரிகளில். எஸ்.ஏ.இ. இந்தியாவின் தென் பிரிவு நடத்தும் ஏரோ டிசைன் சேலஞ்ச், ஐ.ஐ.டி.களோடு சேர்ந்து போயிங் நடத்திய தேசிய ஏரோமாடலிங் போட்டி போன்றவற்றில் மாணவர்கள் தாங்களே விமானம் வரைந்து, கட்டி, பறக்கவிட வேண்டும். அங்கே பால்சா அபூர்வமாகி, பயோஃபோம் நுரையும் கோரோ ஷீட் எனும் பிளாஸ்டிக் அட்டையும் கார்பன் குழாய்களும் அதன் இடத்துக்கு வந்திருக்கின்றன. விலையும் ஒரு காரணம். காற்றாலை இறக்கைகளின் உள்ளீடாகவும் பால்சா பயன்படுவதால், 2020-இல் சீனா காற்றாலைகளை அவசரமாக நிறுவியபோது உலகச் சந்தையில் அதற்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. எம்.ஐ.டி.யின் தக்ஷா அணி, நடிகர் அஜித் குமாரை ஆலோசகராகக் கொண்டு, 2018-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த மருத்துவ ட்ரோன் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது.

2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்வதற்கு மத்திய அரசு தடை விதித்தது, உதிரிபாகங்களுக்குத் தடையில்லை. 2023-இல் இந்தத் தொழிற்பகுதியின் வல்லம் வடகால் சிப்காட் பூங்காவில் சுமார் ரூ.45 கோடியில் ஆளில்லா விமானங்களுக்கான பொதுச் சோதனை மையம் அமைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. பாதுகாப்பு அமைச்சகத்தின் சோதனைக் கட்டமைப்புத் திட்டத்தின் கீழ், தமிழக அரசு நிறுவனமான டிட்கோவும் கேரள அரசு நிறுவனமான கெல்ட்ரான் தலைமையிலான குழுவும் சேர்ந்து செய்யும் வேலை இது.

பொழுதுபோக்குக்காகக் கட்டப்படும் விமானத்தை 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் தனி வகையாகவே வைத்திருக்கின்றன. 25 கிலோவுக்கு மேற்படாமல், கல்வி, ஆராய்ச்சி, வடிவமைப்பு, சோதனை, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கு மட்டும், கண்ணுக்கு எட்டும் தொலைவில் பறப்பது மாதிரி விமானம். அதற்கு வகைச் சான்றிதழ் வேண்டாம். பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. தொலைவில் அந்த வரம்பு 200 அடி. பரந்தூரில் 2022-இல் அறிவிக்கப்பட்ட புதிய விமான நிலையம் இயங்கத் தொடங்கினால், அதைச் சுற்றியும் இந்த வட்டங்கள் விழும்.

பேட்டர்ன் விமானத்துக்கு இந்த உயரம் போதாது. இன்றைய போட்டி முறைப்படி விமானியிலிருந்து ஏறக்குறைய 150 மீட்டர் தள்ளி, 60 பாகை ஏற்றக் கோணம் வரை வித்தைகள் காட்டப்படுகின்றன. அதாவது உச்சியில் 250 மீட்டருக்கு மேல், 400 அடியின் இரு மடங்கு. முழு அளவு குராரேயை அதன் இயல்பான வேகத்தில் பறக்கவிட விரும்புபவர் முன் அனுமதி பெற வேண்டும், அல்லது பழைய பிளானை மூன்றில் இரண்டு பங்காகச் சுருக்கி, மின் மோட்டார் பொருத்தி, சிறிய லூப்புகளோடு நிறைவு கொள்ள வேண்டும். சுருக்கும்போது தாளின் எல்லாக் கோடுகளும் ஒரே விகிதத்தில் குறையும். மரத்தின் தடிமனை அப்படியே குறைக்க முடியாது. ஸ்பார்களையும் உடலின் குறுக்குச் சட்டங்களான ஃபார்மர்களையும் கடையில் கிடைக்கும் பலகைத் தடிமனுக்கு ஏற்பப் புதிதாகக் கணக்கிட்டு வரைய வேண்டும்.